வெயிலைக் கேட்டு வருகிறார்கள்... கையெழுத்துக்கு முன் கணக்குப் போடுங்கள்!

சிவகாசிப் பக்கம் மழை எப்போதும் கடன்காரன் மாதிரிதான், வந்தால் உண்டு. எங்களுக்கு முதலீடு வெயில். தீப்பெட்டி காய்ந்ததும் பட்டாசு உலர்ந்ததும் இந்த வெயிலில்தான். நாரணாபுரத்தைச் சுற்றி எந்தத் திசையில் நடந்தாலும் ஒரு பட்டாசு ஆலை கண்ணில் படும். இப்போது அதே வெயிலைத் தேடி இன்னொரு தொழில் தென்மாவட்டக் கரிசல் காட்டுக்கு வந்திருக்கிறது. "மானாவாரி நிலந்தானே அண்ணாச்சி, சும்மாதானே கிடக்கு. சோலாருக்குக் குடுத்தா என்ன?" என்று கேட்டுக்கொண்டு தரகர்கள் வருகிறார்கள்.

வங்கியில் கடன் பிரிவில் பல வருஷம் பத்திரங்களைப் புரட்டியவன் நான். ஓய்வுக்குப் பிறகு குதிரைவாலியும் உளுந்தும் மல்லியும் விதைக்கிறேன். சூரிய மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நிலக்கரிப் புகையைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் பெரிய சோலார் பூங்காவில் பேனல் மாட்டுவது சுலபமான வேலை. நிலம், தண்ணீர், மின்பாதை, சாயங்காலம் இந்த நான்கும்தான் கஷ்டம். கம்பெனி தீர்க்காமல் விடும் கஷ்டம் ஊர்த் தலையில்தான் வந்து விடியும். அதனால் அவர்களுடைய கஷ்டத்தை நாமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

எட்டு மாதத்தில் எழுந்த ஆலை

நமக்குப் பக்கத்து உதாரணம் ராமநாதபுரம் மாவட்டம் கமுதி. அருப்புக்கோட்டை தாண்டிக் கிழக்கே போனால் செங்கப்படை. அங்கே அதானி குழுமத்தின் 648 மெகாவாட் நிலையம் 2016 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல், ஏறக்குறைய 4,550 கோடி ரூபாய் செலவு. ஒரே இடத்தில் அமைந்த சோலார் நிலையங்களில் உலகிலேயே பெரியது என்று அப்போது பேசப்பட்டது.

8,500 பேர் வேலை பார்த்து, எட்டே மாதத்தில் கட்டி முடித்தார்கள். ஆனால் கட்டும்போது இருக்கும் கூட்டம் கட்டிய பிறகு தேவையில்லை. காவலுக்கும் பராமரிப்புக்கும் கொஞ்சம் பேர் போதும். களையெடுப்பும் பருத்தி எடுப்பும் பார்த்துவந்த நிலமில்லாத குடும்பங்களுக்கு அந்த நிலத்தில் மறுபடி வேலை கிடையாது. ஆடு மாடு மேய்ந்த தரிசுக்கும் வேலி விழுந்துவிடும்.

நிலம்: பட்டாவில் தொடங்கும் சிக்கல்

ஒரு மெகாவாட்டுக்கு நாலு முதல் ஆறு ஏக்கர் வேண்டும். 500 மெகாவாட் என்றால் 2,000 ஏக்கருக்கு மேல், அதுவும் ஒரே வளைவாக. நம்ம ஊரில் யாரிடம் அப்படி இருக்கிறது? ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர்தான். தாத்தா பேரில் பட்டா, ஆறு வாரிசு, அதில் ஒருவர் சென்னையில், ஒருவர் துபாயில். கூட்டுப் பட்டா பிரியாமல் கிடக்கும். புல வரைபடத்தில் ஒன்று, வரப்பில் ஒன்று. தாய்ப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் சரியாக இல்லாமல் கம்பெனிக்கு எந்த வங்கியும் கடன் தராது. அதனால்தான் நிலத்தைத் திரட்டும் வேலை தரகர் கைக்குப் போகிறது. அவர் அவசரப்படுத்தி வாங்கும் பவர் பத்திரத்தில்தான் ஏமாற்றத்துக்கு வழி திறக்கிறது. கடைசியில் நடுவே ரெண்டு ஏக்கர் தராமல் நிற்கிற சம்சாரிக்குப் பாதையும் அடைபடும்.

விற்காமல் குத்தகைக்குக் கொடுக்கும் வழியைக் கர்நாடகம் காட்டியது. தும்கூர் மாவட்டம் பாவகடாவில் ஐந்து கிராமங்களில் சுமார் 13,000 ஏக்கரை, மத்திய மாநில அரசு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஒரு கம்பெனி 28 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. 2,050 மெகாவாட். ஏக்கருக்கு வருஷம் 21,000 ரூபாய், ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் ஏற்றம். பட்டா உழவர் பேரிலேயே இருக்கும். வறட்சியில் வெந்த பூமிக்கு இது நல்ல தொகைதான். ஆனால் குத்தகைப் பணம் பட்டாதாரருக்கு மட்டும். கூலிக்குப் போனவருக்கு அதில் பங்கில்லை.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். அந்த ஏற்றப்படி 27-வது வருஷம் குத்தகை சுமார் 39,600 ரூபாய் ஆகும். விலைவாசி வருஷத்துக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், இன்றைய 21,000 ரூபாய்ப் பொருளை வாங்க அன்றைக்குச் சுமார் 74,700 ரூபாய் வேண்டும். கையில் வருவது பாதிக்குச் சற்று மேல். "வருஷா வருஷம் ஏறுதே" என்று மயங்க வேண்டாம், எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் பேச்சு.

தண்ணீர், தூசி, ஓடை

வெயில் கூடினால் மின்சாரமும் கூடும் என்று நினைப்போம். முழுதும் சரியல்ல. பேனலின் திறனை 25 டிகிரி சூட்டில் அளப்பார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் குறையும். சித்திரை வெயிலில் பேனல் 60 டிகிரி தொட்டால் 14 சதவீதம் போச்சு.

அடுத்தது தூசி. படிந்தால் துடைத்தே ஆக வேண்டும். ஒரு பேனலுக்கு ரெண்டு லிட்டர் என்றே வைத்தாலும் 25 லட்சம் பேனலை ஒருமுறை கழுவ 50 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 400 நடைக்கு மேல். குடிதண்ணீருக்கே குடத்தோடு நிற்கிற சீமையில் இது யார் ஆழ்துளைக் கிணறு? கமுதியில் தண்ணீருக்குப் பதில் துடைக்கும் இயந்திரங்களை வைத்தார்கள். முடியாத காரியமில்லை, செலவு பிடிக்கும் காரியம். ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் செய்யமாட்டார்கள்.

கரிசலுக்கென்று ஒரு குணம் உண்டு. மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும். அதில் நட்ட தூண் அசையாமலிருக்க ஆழமாய் இறக்க வேண்டும், லாரி புதையாமலிருக்கக் கிராவல் சாலை போட வேண்டும். அந்தச் சாலை ஓடையை மறித்தால் மழைத்தண்ணீர் கண்மாய்க்குப் போகாது. பூங்காவுக்குள் நிலம் கொடுக்காத கடைமடைக்காரருக்கும் நஷ்டம். பேனலுக்கடியில் முளைக்கும் புல்லுக்குக் களைக்கொல்லி அடித்தால், அந்தத் தண்ணீர்தான் பக்கத்து இயற்கை விவசாயியின் காட்டுக்கு வரும். செம்மறியை உள்ளே விட்டால் புல்லும் தீரும், மேய்ச்சலும் திரும்பும்.

மின்பாதையும் சாயங்காலமும்

ஆலை எட்டு மாதத்தில் எழலாம். துணைமின் நிலையமும் உயரழுத்தக் கோபுரமும் அந்த வேகத்தில் வராது. ஒவ்வொரு கோபுரமும் யாரோ ஒருவர் காட்டில்தான் நிற்கும்.

மின்சாரம் அதிகம் செலவாவது விளக்கு வைக்கிற நேரத்திலிருந்து. சோலார் அப்போது தூங்கிவிடும். சேமிக்க பேட்டரி வேண்டும். ஆனி ஆடிக் காற்றில் காற்றாலையும் பகலில் சோலாரும் சேர்ந்து கொட்டும்போது உற்பத்தியைக் குறைக்கச் சொல்வதும் நடக்கிறது. தமிழ்நாட்டில் இப்படிக் குறைக்கச் சொன்னது வழக்காகி, 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. விலையும் பழையபடி இல்லை. கமுதிக் காலத்தில் யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. 2017-ல் தமிழ்நாட்டு ஏலத்தில் 3 ரூபாய் 47 காசு. லாபம் மெலிந்தால் கம்பெனி முதலில் எதில் கைவைக்கும் என்று யோசியுங்கள்.

சின்னதாகவும் செய்யலாம்

2019-ல் வந்த பிஎம் குசும் திட்டத்தின் முதல் பிரிவு, துணைமின் நிலையத்துக்கு 5 கிலோமீட்டருக்குள் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை உழவரோ, குழுவோ, உற்பத்தியாளர் நிறுவனமோ அமைக்க இடம் தருகிறது. மின்பாதை குட்டை, நிலம் நம் கையில். பேனலை உயர்த்தி மாட்டிக் கீழே பயிர் செய்யவும் வழி உண்டு. ஜப்பானில் 2013 முதல் அனுமதிக்கிறார்கள். ஒரு நிபந்தனை: கீழே விளைச்சல் வட்டாரச் சராசரியில் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. விவசாயத்தை முதலில் வைத்த அந்த ஒரு வரி நம் சட்டத்துக்கும் வேண்டும்.

பெரிய பூங்காதான் வருகிறது என்றால், கையெழுத்துக்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

1. கிரயமா, குத்தகையா? பவர் பத்திரம் கொடுக்காதீர்கள். கம்பெனியோடு நேரடியாகப் பதிவு செய்யுங்கள்.

2. குத்தகை ஏற்றம் வருஷத்துக்கு எத்தனை சதவீதம்? தாமதமானால் வட்டி உண்டா?

3. கம்பெனி கைமாறினால் புதியவர் எல்லா ஷரத்தையும் ஏற்பாரா?

4. கழுவத் தண்ணீர் எங்கிருந்து? களைக்கொல்லி இல்லை என்று எழுதித் தருவார்களா?

5. ஓடை, வண்டிப்பாதை, மேய்ச்சல் பாதை வரைபடத்தில் குறிக்கப்பட்டுள்ளதா? கிராமசபையில் வைத்தார்களா?

6. குத்தகை முடிந்தபின் கான்கிரீட், கிராவல், பேனல் யார் பொறுப்பு? பேனல் ஒன்று 20 கிலோ என்றால் 25 லட்சம் பேனல் 50,000 டன். 2022 மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் பேனலும் சேர்ந்துவிட்டது. ஆனாலும் உங்கள் காட்டைச் சுத்தம் செய்ய ஒரு வைப்புத்தொகையை இப்போதே கட்டச் சொல்லுங்கள்.

கம்பெனிக்கு வக்கீலும் இன்ஜினியரும் வங்கியும் இருக்கிறார்கள். தனியாகப் போகும் சம்சாரிக்கு யாருமில்லை. ஊர்க்காரர் பத்துப் பேர் சேர்ந்து ஒரே ஒப்பந்த நகலை மேசையில் போட்டு உட்கார்ந்தால் பேச்சே மாறிவிடும். தரகர் அடுத்த முறை வரும்போது "நகலைக் குடுத்துட்டுப் போங்க, படிச்சுட்டுச் சொல்றோம்" என்று சொல்லி அனுப்புங்கள்.