‘வேண்டாம்’ என்பதற்குப் பொத்தான் எங்கே?

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் இருக்கும் ஏதாவதொரு கொமினிக்கேசன் கடையை மனதில் எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் போட்டோக்கொப்பி இயந்திரம், உள்ளே மூன்று கணினிகள், மூன்றுக்கும் சேர்த்து ஒரு டொங்கிள். உயர்தரம் எழுதிய பிள்ளை ஒன்று பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தோடு வந்து நிற்கிறது. அன்றுதான் கடைசி நாள். திரையில் நீலப் பின்னணி, வட்டமாக ஓடும் புள்ளிகள், ‘27 சதவீதம், கணினியை நிறுத்த வேண்டாம்’ என்று ஒரு வரி.

“அண்ணை, இது எப்ப முடியும்?”

“தெரியேல்லை தங்கச்சி. நான் ஒண்டும் அமத்தேல்லை, அது தன்பாட்டில தொடங்கிட்டுது.”

காட்சி கற்பனை. ஆனால் அந்தப் பதிலைச் சொல்லாத கணினிக் கடைக்காரர் குறைவு. ஒன்றும் அமத்தாமல் ஒரு கணினி எப்படித் தன்னைத்தானே மாற்றத் தொடங்குகிறது? அந்த அனுமதியை அதற்குக் கொடுத்தது யார்?

ஒழுக்கை அடைப்பதும் வீட்டைப் பிரிப்பதும்

‘அப்டேட்’ என்று ஒரே பெயரில் நாம் சொல்லும் வேலைகள் உண்மையில் இரண்டு. முதலாவது, பாதுகாப்புத் திருத்தம். கூரையில் ஒழுகும் இடத்தில் ஓடு மாற்றுவது போன்றது. மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2003 முதல் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை இதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. அமெரிக்க மேற்குக் கரையில் அது காலை 10 மணிக்கு வெளியாகும். அப்போது இலங்கையில் இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. ஆகவே கிளிநொச்சிக் கடையில் கணினி மந்தமாவது புதன்கிழமை காலையில்தான்.

இரண்டாவது, பதிப்பு மாற்றம். இது வீட்டையே பிரித்துப் புதிதாகக் கட்டுவது. முதலில் சில ஜிபி கோப்புகள் பின்னணியில் இறங்கும். பிறகு கணினி மறுபடி தொடங்கி, பழைய இயங்குதளத்தை ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற உறைக்குள் ஒதுக்கிவிட்டு, புதியதை அந்த இடத்தில் அமர்த்தும். இடையில் கறண்ட் போனால் பழையதற்கே திரும்ப முயலும். பெரும்பாலும் திரும்பிவிடும். ஆனால் யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில், பல வருடம் ஓடித் தேய்ந்த வன்தட்டில், அந்த ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நம்பி நிற்பது இலேசல்ல. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. ‘கணினியை நிறுத்த வேண்டாம்’ என்ற வரியைப் பார்த்து அன்று சிரிக்கத்தான் முடிந்திருக்கும்.

பெருக்கல் குறிக்கு வந்த புதுப் பொருள்

திருத்தத்துக்கும் மாற்றத்துக்கும் இருந்த இந்த வேறுபாடு 2015இல் குழம்பிப்போனது. அந்த வருடம் ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வெளியானது. விண்டோஸ் 7, 8.1 வைத்திருப்போருக்கு ஒரு வருடத்துக்கு இலவசம். இரண்டு மூன்று வருடங்களுக்குள் 100 கோடி கருவிகளில் அதை ஓட வைப்பதே மைக்ரோசொஃப்டின் அறிவிக்கப்பட்ட இலக்கு. இலவசமாகக் கொடுத்தும் எல்லாரும் ஓடி வரவில்லை. அதனால் பொருளைக் கடைக்குள் வைத்துக்கொண்டு காத்திருக்காமல் வீட்டுக்கே கொண்டுபோய் இறக்கத் தொடங்கினார்கள்.

கேபி3035583 என்ற எண்ணோடு வழக்கமான திருத்தம் போலவே ஒன்று வந்தது. அது அடைத்த ஒழுக்கு எதுவும் இல்லை. கடிகாரத்தின் பக்கத்தில் ‘விண்டோஸ் 10 பெறுங்கள்’ என்ற விளம்பரச் சின்னத்தை நட்டுவிட்டது. 2015 செப்டெம்பரில் இன்னொன்று வெளியே வந்தது: தானியங்கிப் புதுப்பிப்பு இயக்கத்தில் இருந்த கணினிகளில், பாவனையாளர் கேட்காமலே நிறுவற் கோப்புகள் மறைவான உறை ஒன்றில் இறங்கியிருந்தன. 3.5 முதல் 6 ஜிபி வரை. மைக்ரோசொஃப்டும் அதை ஒத்துக்கொண்டது.

உச்சம் 2016 மே மாதம். ‘உங்கள் கணினி இத்தனையாம் திகதி மாற்றப்படும்’ என்று ஒரு பெட்டி தோன்றும். மூலையில் வழக்கம்போல் சிவப்புப் பெருக்கல் குறி. இருபது வருடமாக எல்லாரும் அந்தக் குறியை அமத்தியது ‘வேண்டாம், போ’ என்று சொல்ல. இந்தப் பெட்டியில் மட்டும் அது ‘பார்த்துவிட்டேன், திட்டமிட்டபடி நடக்கட்டும்’ என்று பொருள்பட்டது. வேடிக்கை என்னவென்றால், மென்பொருள் எழுதுவோருக்கு மைக்ரோசொஃப்டே எழுதி வைத்த வழிகாட்டலில், மூடும் குறிக்கு ஒருபோதும் ‘சரி’ என்ற பொருளைக் கொடுக்காதீர்கள் என்று இருக்கிறது.

பாவனையாளரை அவர் எண்ணாத முடிவுக்குத் தள்ளும் இத்தகைய இடைமுகங்களுக்கு 2010இல் பிரித்தானிய வடிவமைப்பாளர் ஹரி பிரிக்னல் ‘டார்க் பாட்டர்ன்’, அதாவது இருண்ட வடிவமைப்பு, என்று பெயர் வைத்தார். மனிதக் கை பழக்கத்தில் ஓடுவது. ஒரே பெட்டி பத்துத் தரம் வந்தால் பதினோராம் தரம் கண் வாசிக்காது, விரல் மட்டும் மூலைக்குப் போகும். அந்த விரலைத்தான் அந்தப் பெட்டி பிடித்தது.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் நேரலையில், வானிலை வரைபடத்தின் மேலேயே இந்த அழைப்பு வந்து விழுந்தது. கலிபோர்னியாவில் பயண முகவர் தொழில் செய்த ஒரு பெண், தன் அலுவலகக் கணினி கேளாமலே மாறத் தொடங்கிக் கெட்டுப்போனதாக வழக்குப் போட்டு 10,000 டொலர் வாங்கினார். நம்முடைய நிலைமைக்கு மிகக் கிட்டிய கதை மத்திய ஆபிரிக்கக் குடியரசிலிருந்து வந்தது. சிங்கோ வனப்பகுதியில் வேட்டைத் திருடரைத் தடுக்கும் குழுவினர், அளந்து காசு கட்டும் மெல்லிய செய்மதி இணைப்பில் இருந்தார்கள். அந்த இணைப்பில் அவர்களுடைய மடிக்கணினி பல ஜிபி விண்டோஸ் 10ஐ இறக்கத் தொடங்கியது.

2016 ஜூன் கடைசியில் பெட்டியில் ‘இலவச வாய்ப்பை மறுக்கிறேன்’ என்ற தெளிவான பொத்தான் சேர்ந்தது. இலவசக் காலம் முடிய அப்போது ஒரு மாதம்தான் மிச்சம். அந்த வருட டிசெம்பரில், நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் தலைவர் கிறிஸ் கபோசெலா, பெருக்கல் குறி விடயத்தில் எல்லை தாண்டிவிட்டோம் என்று வெளிப்படையாகவே ஒத்துக்கொண்டார். 100 கோடி என்ற இலக்கை விண்டோஸ் 10 எட்டியது 2020 மார்ச்சில்தான்.

கேபிள் வேடம் போடும் டொங்கிள்

இந்தத் தள்ளல் வன்னியில் கூடுதலாக வலிப்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் ஒவ்வொரு இணைப்பையும் ‘அளவிடப்பட்டது’, ‘அளவிடப்படாதது’ என்று இரண்டாகப் பிரிக்கிறது. அளவிடப்பட்டது என்று அறிந்தால் பெரிய இறக்கங்களை ஒத்திவைக்கும். கைத்தொலைபேசி வலையமைப்பில் நேரடியாக இணையும் மொடம் என்றால் அதுவாகவே அப்படி எடுத்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடு.

ஆனால் பல டொங்கிள்களுக்குள் சிறிய றூட்டர் ஒன்றே குடியிருக்கிறது. யூஎஸ்பி துளையில் செருகியதும் அது தன்னை வலையமைப்புக் கேபிள் என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறது. கேபிள் என்றால் அளவில்லாத இணைப்பு என்று விண்டோஸ் நம்பிவிடும். கேபிள் இணைப்பையும் அளவிடப்பட்டதாகக் குறிக்கும் வசதி அமைப்புப் பக்கத்துக்கு 2017இல்தான் வந்தது. தொலைபேசி ஹொட்ஸ்பொட்டிலும் இதே கதை. கணினிக்கு அது ஏதோ ஒரு வீட்டு வைஃபை.

இனிக் கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் 4 ஜிபி இறங்க இரண்டே கால் மணி நேரம். அந்த நேரம் முழுக்க மற்ற இரண்டு கணினிகளும் தவம் கிடக்கும். நம் நாட்டுப் பொதிகள் பலவற்றில் டேட்டா பகலுக்கு வேறு, நள்ளிரவுக்குப் பிறகு வேறு. இரவுப் பங்கு தொடப்படாமல் காலாவதியாகும்போது, கணினி பகல் பங்கைத் தின்று தீர்க்கிறது. விண்டோஸில் ‘செயல் நேரம்’ என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அது அந்த நேரத்தில் கணினி தானாக மறுதொடக்கம் செய்யாமல் காக்கும். டேட்டாவைக் காக்காது.

இணைப்பு ஓயாது, மின்சாரம் நிற்காது, இரவில் எந்தக் கணினியையும் யாரும் அணைக்கமாட்டார்கள் என்ற மூன்று நம்பிக்கைகளின் மேல்தான் தானியங்கிப் புதுப்பிப்பு கட்டப்பட்டிருக்கிறது. அதை எழுதியவர்களின் ஊருக்கு அவை பொருந்தும். மாலை ஆறு மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பூட்டும் கடைக்குப் பொருந்தா.

தள்ளினால் என்ன ஆகும்?

நிறுவனத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 2017 மே 12 அன்று ‘வன்னாகிறை’ என்ற கப்பம் கேட்கும் தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. இங்கிலாந்தின் அரச மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14 அன்றே, 59 நாட்களுக்கு முன்பே, வந்துவிட்டது. போட்டுக்கொள்ளாத கணினிகள்தான் அகப்பட்டன. பெரும்பாலானவை விண்டோஸ் 7.

ஆகவே திருத்தம் தேவை. அதனாலேதான் 2015–16 தள்ளல் செய்த கேடு பெரிது. ஒழுக்கை அடைக்க வருபவன் விளம்பரப் பலகையையும் காவி வந்தால், அடுத்த தரம் யார் படலை திறப்பார்கள்? அந்தச் சின்னத்தை அடக்குவதற்கென்றே ‘நெவர் 10’ போன்ற மென்பொருள்கள் அப்போது பிறந்தன. அதற்கும் பொறுமையில்லாதவர்கள் புதுப்பிப்புச் சேவையை முழுதாக நிறுத்தினார்கள். டேட்டாவைக் காப்பாற்றக் கடைக்காரர் இன்று செய்வதும் அதுதான். டேட்டா மிஞ்சுகிறது, ஓட்டை திறந்தே கிடக்கிறது. அதே கணினியில்தான் பிள்ளைகளின் அடையாள அட்டை நகலும் வங்கி விபரமும் வந்து போகின்றன.

கதவு மறுபக்கம் சாத்தியபோது

இப்போது கதை தலைகீழாகிவிட்டது. 2025 ஒக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 2017இல் வந்த எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். கொழும்பிலிருந்து வரும் பாவித்த கணினிகளை நம்பியிருக்கும் ஊர்களில் நான்காம், ஆறாம் தலைமுறைகள் இன்னும் நன்றாகவே ஓடுகின்றன. அன்று வேண்டாம் என்றவரைப் பிடித்து இழுத்தார்கள். இன்று வேண்டும் என்று வருபவரை வாசலில் மறிக்கிறார்கள். இப்படி ஒதுக்கப்படும் கணினிகள் உலகில் 24 கோடி வரை இருக்கலாம் என்று கனலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது.

கையில் இருக்கும் வழிகள் சில. டொங்கிளையும் ஹொட்ஸ்பொட்டையும் அமைப்புப் பக்கத்தில் ‘அளவிடப்பட்ட இணைப்பு’ என்று குறித்துவிடுங்கள். விண்ணப்ப முடிவு நாட்களில் புதுப்பிப்பை இடைநிறுத்துங்கள், 35 நாள் வரை முடியும். புதுப்பிப்புச் சேவையை அடியோடு நிறுத்தாதீர்கள். மாதத்தில் ஓர் இரவு கணினியை அணைக்காமல், இரவு டேட்டாவில் திருத்தங்களை இறக்க விடுங்கள். விண்டோஸ் 10 என்றால் நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் 2026 ஒக்டோபர் 13 வரை திருத்தம் கிடைக்கும்: 30 டொலர், அல்லது மைக்ரோசொஃப்ட் கணக்கில் உங்கள் அமைப்புகளைச் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம். உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகியவற்றையும் பழைய கணினிகள் தாங்கும். கேரளத்தின் அரச பள்ளிகள் உபுண்டுவை அடியாகக் கொண்ட இயங்குதளத்தில்தான் பாடம் நடத்துகின்றன. பாமினி எழுத்துருவில் தட்டிப் பழகிய கை முதல் வாரம் கொஞ்சம் தடுமாறும், அவ்வளவுதான்.

கடைக்காரர் தேடும் பொத்தான் இதையெல்லாம் விடச் சின்னது. ‘இது 4 ஜிபி எடுக்கும். இரண்டே கால் மணி நேரம் செல்லும். இடையில் கறண்ட் போனால் பழையதற்குத் திரும்ப முயல்வேன். இரவு 12 மணிக்குப் பிறகு செய்யவா, அல்லது வேண்டாமா?’ என்று ஒரு பெட்டி கேட்டால் போதும். கடைக்காரர் தங்கச்சியின் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, ஆறுதலாக ஒன்றை அமத்துவார்.