படகுக்கு அடியில் ஒட்டியதை எப்படிச் சுரண்டுவது? இரும்புக்குச் செய்வதை அலுமினியத்துக்குச் செய்தால் என்ன ஆகும்?

ஏப்ரல் 15 வந்துவிட்டால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் சத்தமே மாறிவிடும். ஏலக் கூச்சல் குறைந்து, சுத்தியல் தட்டும் சத்தமும் சுரண்டும் சத்தமும் கேட்க ஆரம்பிக்கும். கிழக்குக் கடற்கரையில் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரித்து வளர கடலுக்கு விடும் இந்த இடைவெளிதான், விசைப்படகுகளைக் கரையேற்றி அடிப்பகுதியைப் பார்க்கக் கிடைக்கும் நேரமும்கூட.

கரையேறிய படகின் அடியில் என்ன இருக்கும்? வழுவழுப்பான பாசிப் படலம், அதன் மேல் சிப்பிகள், குட்டி எரிமலை மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கும் பார்னக்கிள். இதைச் சுரண்டி எடுப்பதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஆனால், எந்த உலோகத்திலிருந்து எதை வைத்துச் சுரண்டுகிறோம் என்பதில்தான் படகின் ஆயுளே இருக்கு. குறிப்பாக, அந்த உலோகம் அலுமினியமாக இருந்தால்!

அப்படியே விட்டால் என்ன?

டீசல் போகும். அடிப்பகுதி சொரசொரப்பானால் தண்ணீரின் இழுவை கூடும். அதே வேகத்தில் போக இன்ஜின் அதிகமாக உழைக்கணும். கப்பலின் அடிப்பரப்பில் பாதி இடத்தில் வெறும் அரை மில்லிமீட்டர் தடிமனுக்குப் பாசிப் படலம் இருந்தாலே கரியமில வாயு உள்ளிட்ட பசுமை இல்ல வாயுக்களின் வெளியேற்றம் 25 முதல் 30 சதவீதம் வரை கூடலாம் என்கிறது சர்வதேச கடல்சார் அமைப்பின் திட்ட ஆய்வு. பார்னக்கிள் வருவதற்கு முந்தைய கட்டத்துக்கே இந்தக் கணக்கு.

அலுமினியப் படகு இங்கே இருக்கா?

காசிமேட்டில் அதிகம் கண்ணில் படுவது மரம், ஃபைபர், இரும்பு. ஆனால், கடலோரக் காவல் படையின் வேகமான இன்டர்செப்டர் படகுகளுக்கு அலுமினிய உடல். எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் உள்ள எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளத்திலும் இந்த வகைப் படகுகள் கட்டப்பட்டிருக்கின்றன. இரண்டு அல்லது மூன்று அலுமினியக் குழாய்களின் மேல் தளம் போட்டு மிதக்க விடும் ‘பான்டூன்’ படகுகளும் இதே ரகம்தான். எடை குறைவு, இரும்பு போல துரு பிடிக்காது என்பதுதான் அலுமினியத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம்.

துரு பிடிக்காது என்பது உண்மை. அரிக்காது என்பது உண்மையில்லை.

புளிக்குழம்பு லாஜிக்

அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்காதே என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதே விஷயம்தான் இங்கேயும். காற்று பட்டவுடன் அலுமினியத்தின் மேல் தானாகவே ஒரு ஆக்சைடு தோல் உருவாகிறது. சில நானோமீட்டர்தான் அதன் தடிமன். தலைமுடியின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர் என்றால், இது எவ்வளவு மெல்லிசு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தோல் இருக்கும் வரை உள்ளே இருக்கும் உலோகம் பத்திரம்.

புளி மாதிரி அமிலம் கூடினாலும் அந்தத் தோல் கரையும். காஸ்டிக் சோடா மாதிரி காரம் கூடினாலும் கரையும். கடல் நீரில் இருக்கும் குளோரைடு, தோலில் பலவீனமான இடம் பார்த்துத் துளை போடும். பார்னக்கிள் ஒட்டிய இடத்தில் இன்னொரு சிக்கல். அதன் அடியில் ஆக்சிஜன் போய்ச் சேராததால் தோல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ள முடியாது. வெளியே வெள்ளை மாவு மாதிரி தெரியும். தட்டிப் பார்த்தால் கீழே குழி இருக்கும்.

சுத்தம் செய்கிறேன் என்று செய்யும் 4 தப்புகள்

1. பாத்ரூம் ஆசிட்: பார்னக்கிளின் ஓடு சுண்ணாம்புச் சத்து. ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரையும். பார்க்க சூப்பராக இருக்கும். ஓடு கரைந்த பிறகு அதே அமிலம் அலுமினியத்தைத் தின்னத் தொடங்கும். அதில் வருவது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு. ப்ளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அது ஆளையே கொல்லும்.

2. காஸ்டிக் சோடா: எண்ணெய்ப் பிசுக்குக்கு நல்லது என்று பயன்படுத்துவது உண்டு. அலுமினியத்துக்கு இது ஆசிட்டைவிட மோசம்.

3. இரும்பு வயர் பிரஷ்: தேய்க்கும்போது இரும்புத் துகள்கள் அலுமினியத்தில் பதிந்துவிடும். உப்புத் தண்ணீர் பட்டதும் ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்யும். இரண்டு உலோகங்களில் அரிக்கப்படுவது அலுமினியம்தான்.

4. செம்பு கலந்த பெயின்ட்: கடல் உயிர்கள் ஒட்டாமலிருக்க அடிக்கும் பெயின்ட்களில் பெரும்பாலும் செம்பு சேர்மம் இருக்கும். மரத்துக்கும் ஃபைபருக்கும் ஓகே. அலுமினியத்தில் நேரடியாக அடித்தால், மேலே சொன்ன அதே பேட்டரி கதை, படகு முழுக்க நடக்கும்.

அப்போ எப்படித்தான் செய்வது?

முதல் விதி: ஈரம் காயும் முன் ஆரம்பிக்கணும். தண்ணீரை விட்டு ஏற்றிய உடனே பாசியும் சிப்பியும் இளக்கமாக இருக்கும். வெயிலில் காய்ந்தால் ஓடு இறுகிவிடும்.

அடுத்து, நல்ல தண்ணீரை அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவணும். உப்பும் பாசியும் முதலில் போகட்டும். பிறகு மரம் அல்லது பிளாஸ்டிக் சுரண்டியால், அடியில் சாய்த்துப் பிடித்து நெம்பணும். உலோக உளியால் குத்தினால் குழி விழும்.

பார்னக்கிள் போன பிறகு வட்டமாக ஒரு வெள்ளைத் தடம் மிச்சமிருக்கும். அதற்கு, ‘அலுமினியத்துக்கு உகந்தது’ என்று டப்பாவில் எழுதியிருக்கும் மிதமான பாஸ்பாரிக் அமில வகை கிளீனர் போதும். முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். நிழலில் வேலை செய்யுங்கள். கிளீனர் காயும் முன்பே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்தது என்றால் தொடவே வேண்டாம். தோல் வழியாக இறங்கி எலும்பு வரை பாதிக்கும். எதைச் செய்தாலும் கையுறையும் கண் கண்ணாடியும் கட்டாயம்.

சுத்தமான பிறகுதான் நிஜ சோதனை. வெள்ளை மாவை நைலான் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, குழி எவ்வளவு ஆழம் என்று பார்க்கணும். வெல்டிங் ஓரங்களிலும் போல்ட் இருக்கும் இடங்களிலும் கவனம் தேவை. அல்ட்ராசோனிக் தடிமன் மீட்டரை வைத்தால் உலோகம் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும். ஆழமான குழிக்கு மேல் பட்டி பூசி பெயின்ட் அடிப்பது பிரச்சினையை மறைக்குமே தவிர, தீர்க்காது.

கடைசியாக எப்பாக்ஸி பிரைமர், அதன் மேல் அலுமினியத்துக்கான பெயின்ட். பலிகொடுக்கும் உலோகக் கட்டிகளையும் மறக்கக் கூடாது. அலுமினியத்துக்கு முன்னாடி தான் அரிந்து, படகைக் காப்பாற்றுவதுதான் அவற்றின் வேலை. அவற்றின் மேல் மட்டும் பெயின்ட் பட்டுவிடக் கூடாது. பட்டால் அந்த வேலை நின்றுவிடும்.

சுரண்டியது எங்கே போகிறது?

படகு பளிச்சென்று ஆனதும் நாம் மறந்துவிடும் கேள்வி இது. சுரண்டிய குப்பையில் பழைய பெயின்ட்டும் இருக்கும். டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயின்ட்கள் ஒரு காலத்தில் உலகம் முழுக்கப் பிரபலம். பெயின்ட்டிலிருந்து கசிந்த டிபிடி பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைக்கும் அளவுக்குக் கடலைக் கெடுத்தது தெரிந்த பிறகுதான் சர்வதேச ஒப்பந்தம் வந்தது. 2008 செப்டம்பரில் தடை நடைமுறைக்கு வந்தது.

குப்பையில் உயிரோடு இருப்பவையும் சிக்கல்தான். எண்ணூர் முதல் பழவேற்காடு வரை மீனவர்கள் புலம்பும் ‘காக்கா ஆழி’ நினைவிருக்கிறதா? மத்திய, தென் அமெரிக்கக் கடல்களைச் சேர்ந்த இந்தச் சிப்பி, கப்பல்களின் அடிப்பகுதியில் ஒட்டியோ, அவற்றின் பேலஸ்ட் தண்ணீரிலோ வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. கொசஸ்தலை ஆற்றின் அடியில் பாய் விரித்த மாதிரி படர்ந்து, இறால் வாழும் இடத்தை எடுத்துக்கொண்டது. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

இதற்குப் படகுக்காரர் செய்யக்கூடியது ரொம்ப சிம்பிள். கீழே தார்ப்பாய் விரித்துச் சுரண்டுங்கள். விழுந்ததைத் திரும்பத் தண்ணீரில் தள்ளாமல் சாக்கில் கட்டிக் கரையிலேயே அப்புறப்படுத்துங்கள்.

தண்ணீரே கெட்டால்?

படகை எவ்வளவு பார்த்துப் பார்த்துத் துடைத்தாலும், ஒட்டுவது எல்லாம் இயற்கையானது இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் இறங்கியது. ஃபைபர் படகுகளும் வலைகளும் கறுப்பாகின. கையால் அள்ளி எண்ணெய் எடுத்த மீனவர்களின் படங்களை அப்போது எல்லோரும் பகிர்ந்தோம்.

அரசு அறிவித்த 8.68 கோடி ரூபாய் நிவாரணத்தில், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாய் ஒதுக்கப்பட்டது. அந்தப் பணத்தில் படகைத் துடைக்கலாம். துடைத்த படகை மறுபடி இறக்க வேண்டியது அதே ஆற்றில்தான்.