நாட்குறிப்பும் தனிமனிதத் தேவையும்

புதுச்சேரியில் ஆளுநர் தூப்பிளேக்சின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப்பிள்ளை 1736 தொடக்கம் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பை வரலாற்று மூலமாக மட்டும் நோக்குவது போதாது. அவர் அதனை ஏன் எழுதினார் என்பதும் வினவத்தக்கதே. கப்பல்களின் வரவும் சரக்குகளின் விலையும் வணிக வர்க்கத்தின் கணக்கேட்டு மரபைச் சார்ந்தன. ஆயின், தூப்பிளேக்சின் மனைவிமீது அவர் கொண்ட கசப்பு எக்கணக்கில் அடங்கும்? அவ்வம்மையாரை வெளிப்படையாகக் கண்டித்தல் பதவிக்கே கேடாகும். 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபோதும் அவரது ஆற்றாமைக்கு இடந்தந்தது இவ்வேடே. அதிகாரத்தை அண்டி வாழ்ந்தவனுக்கு அஃது ஒன்றே அச்சமற்ற வெளி. 1756இல் பதவியிழந்த பின்னரும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.