சொத்தைப் பல்லுக்கு ஒட்டுப் போடும் விதம்

மல்லசமுத்திரம் கடைவீதியில் சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓட்டையைக் கண்டதும் கடைக்காரர் உடனே ஒட்டை வைத்துவிடுவதில்லை. முதலில் ஈரத்தைத் துடைக்கிறார். உப்புத்தாளால் அந்த இடத்தைச் சொரசொரப்பாகத் தேய்க்கிறார். பிறகு சொல்யூஷன் தடவிச் சற்றுக் காயவிடுகிறார். அதன் பின்தான் ஒட்டு. வழவழப்பான, ஈரமான ரப்பரில் எதுவும் ஒட்டாது என்பது அவருக்குத் தெரியும்.

இன்று பல் மருத்துவர் சொத்தைப் பல்லை அடைப்பதும் ஏறக்குறைய இதே முறையில்தான். அடைக்கும் பொருள் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அடைக்குமுன் பல்லைப் பக்குவப்படுத்தாவிட்டால் அது நிலைக்காது. அந்தப் பக்குவம் என்ன என்பதைக் காண்போம்.

பல்லின் அமைப்பு

பல்லின் மேலுறைக்கு எனாமல் என்று பெயர். நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். இதன் எடையில் சுமார் 96 சதவீதம் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாதுப்பொருள். எனாமலுக்கு அடியில் டென்டின் இருக்கிறது. இதில் தாதுப்பொருள் சுமார் 70 சதவீதமே. மீதி கொலாஜன் என்னும் புரத இழைகளும் நீரும் ஆகும். டென்டின் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஓடுகின்றன. அதற்கும் உள்ளே, நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த பற்கூழ் இருக்கிறது.

நாம் தின்னும் இனிப்பை வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அமிலமாக மாற்றுகின்றன. பி.எச். அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் இழந்த தாதுவை ஓரளவு திருப்பித் தருகிறது. ஆனால் கரைவது மிகுந்து, வரவு குறைந்துபோனால் குழி விழுகிறது. குழியை நிரப்ப எனாமல் மீண்டும் வளராது. ஏனெனில் அதை உண்டாக்கும் செல்கள் பல் வெளியே முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. ஆகவே, நல்ல பல்லில் கடுகளவு வெட்டினாலும் அது என்றைக்கும் நஷ்டமே.

குடம் போன்ற குழி

முன்பெல்லாம் இந்த நஷ்டத்தைத் தவிர்க்க முடியவில்லை. அக்காலத்தில் குழியை அடைக்கப் பெரிதும் பயன்பட்டது அமால்கம். வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் தூளுடன் ஏறக்குறைய சம எடைப் பாதரசம் சேர்த்துப் பிசைந்த கலவை இது. உறுதியானதுதான், ஆனால் பல்லோடு ஒட்டாது. ஒட்டாத பொருள் விழாமல் இருக்க வேண்டுமானால் குழியின் வாய் குறுகியும் அடிப்பாகம் அகன்றும் இருக்க வேண்டும், குடத்தைப் போல. மெல்லிய அமால்கம் உடைந்துவிடும் என்பதால் குழிக்குப் போதிய ஆழமும் வேண்டும். அமெரிக்கப் பல் மருத்துவ மேதை ஜி. வி. பிளாக் 1908இல் வெளியிட்ட நூல் இந்த முறைக்கு விதிகளை வகுத்தது. மேலும் சொத்தை பரவாமலிருக்க, அருகிலுள்ள நல்ல பள்ளங்களையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள். சொத்தை சிறிதாக இருந்தாலும் குழி பெரிதாகிவிடும்!

பெயிண்ட் தந்த யோசனை

திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறைகள் பல உள்ளன. தகட்டைச் சுத்தம் செய்யாமல் அங்கே பெயிண்ட் அடிக்கமாட்டார்கள். உலோகத்தில் பெயிண்ட் நன்கு பிடிக்க, தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலத்தால் அதைக் கழுவுவதும் உண்டு. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஆராய்ச்சி செய்துவந்த மைக்கேல் பூனோகோருக்கு இதிலிருந்து ஒரு யோசனை பிறந்தது. பல்லையும் இப்படிக் கழுவினால் என்ன? 1955இல் அவர் பாஸ்பாரிக் அமிலத்தை எனாமலில் 30 விநாடி தடவிக் கழுவிவிட்டு, அதன்மேல் அக்ரிலிக் பிசினை ஒட்டிப் பார்த்தார். அமிலம் படாத பல்லைவிட, பட்ட பல்லில் பிசின் மிக நன்றாகப் பிடித்துக்கொண்டது!

1962இல் ராஃபேல் போவன் புதிய பிசின் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதனுடன் மிக நுண்ணிய கண்ணாடித் துகள்களைக் கலந்தால் கிடைப்பதே கம்பாசிட். பல்லின் நிறத்திலேயே இருப்பதால் அடைத்த இடம் வெளியே தெரியாது.

அமிலம் என்ன செய்கிறது?

மருத்துவர் முதலில் சொத்தையை மட்டும் நீக்குகிறார். குடம்போல் குடைவதில்லை. எச்சில் படாமலிருக்கப் பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர் திரையை மாட்டுவதுண்டு. பிறகு சுமார் 37 சதவீதப் பாஸ்பாரிக் அமில ஜெல்லை எனாமலில் 15 முதல் 30 விநாடி வைத்து, நீரால் நன்கு கழுவுகிறார். உலர்ந்ததும் எனாமல் பளபளப்பை இழந்து சுண்ணாம்புபோல் வெளுத்துத் தோன்றும். அங்கே எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகியிருக்கும். அவற்றுள் பசைப் பிசின் புகுந்து கெட்டியாகும்போது, வேர்விட்டதுபோல் பிடித்துக்கொள்கிறது.

டென்டினிலோ கதை வேறு. அங்கே அமிலம் 15 விநாடிக்கு மேல் தங்கக்கூடாது. தாது கரைந்ததும் கொலாஜன் இழைகள் வெளிப்படும். ஏரி நீரில் விரிந்து அசையும் பாசி, கரையில் எடுத்துப் போட்டதும் ஒன்றோடொன்று படிந்துவிடுகிறதல்லவா? அதுபோல, டென்டினை முற்றிலும் உலர்த்தினால் இழைகள் படிந்துபோய்ப் பசைக்கு வழி அடைபடும். ஆகவே சற்றே ஈரம் விடவேண்டும். இழைகளும் பசையும் பின்னிப் பிணைந்த கலப்புப் படலத்தை 1982இல் ஜப்பானிய அறிஞர் நோபுவோ நாகபயாஷி விளக்கினார்.

இதன்பின் கம்பாசிட்டைச் சுமார் 2 மில்லிமீட்டர் கனமுள்ள அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கின் மீதும் நீல ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். ஒளி பட்டதும் அது கெட்டியாகிறது. கெட்டியாகும்போது சிறிது சுருங்கும்; பிடிப்புச் சரியில்லையென்றால் ஓரத்தில் இடைவெளி விட்டு, மீண்டும் சொத்தை புகும்.

நம் பகுதிப் பற்கள்

சேலம், நாமக்கல் மாவட்டங்கள் கடும்பாறைப் பூமி. பாறைத் தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு கரைந்து சில கிணறுகளின் நீரில் மிகுதியாகச் சேர்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தரநிலை. பற்கள் உருவாகும் சுமார் எட்டு வயதுக்குள் இதற்கு மேல் தொடர்ந்து குடித்தால், பல்லில் வெண்திட்டுகளோ பழுப்புக் கறையோ தோன்றும். இத்தகைய எனாமலின் மேற்பரப்பு அமிலத்துக்கு எளிதில் கரைவதில்லை! அதனால் மருத்துவர் மேற்பரப்பை லேசாகத் தேய்க்கவோ, அமிலத்தைக் கூடுதல் நேரம் வைக்கவோ நேரிடும். உங்கள் பல்லில் இத்தகைய கறை இருந்தால், எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். செங்கல் தூளாலும் எலுமிச்சைச் சாற்றாலும் கறையைப் போக்க முயலாதீர்கள். அது எனாமலைத்தான் போக்கும்.

திருச்செங்கோட்டிலும் சேலத்திலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வலி வரும்வரை காத்திருந்தால் சொத்தை பற்கூழை எட்டியிருக்கும். அப்போது வெறும் அடைப்புப் போதாது. கரும்புள்ளியாக இருக்கும்போதே காட்டினால், ஒட்டும் சிறிது, செலவும் சிறிது. நல்ல பல் முழுதும் உங்களுடையதாகவே இருக்கும்.