குழப்படிகாரப் பிள்ளையும் வகுப்பறையும்: மக்கரென்கோவின் அனுபவம் குறித்து

நமது பாடசாலைகளிலே 'குழப்படிகாரப் பிள்ளை' என்னும் பெயர் மிக விரைவாகச் சூட்டப்பட்டுவிடுகின்றது. இடாப்பில் இடம்பெறாத இப்பெயரை ஓர் ஆசிரியர் அடுத்தவருக்கு வாய்மொழியாகவே கையளிக்கின்றார். பிள்ளை வகுப்பேறும்போது பெயரும் உடன் வகுப்பேறுகின்றது. நடத்தைக்கான காரணத்தைப் பிள்ளையின் சுபாவத்தில் வைத்துவிட்டால், வகுப்பறையின் ஒழுங்கமைப்புப் பற்றிய வினா எழாமலே போய்விடும்.

அவ்வினாவை நடைமுறையில் எழுப்பியவர் உக்ரேனில் பிறந்த கல்வியாளர் அந்தொன் மக்கரென்கோ (1888–1939). போரினாலும் உள்நாட்டுப் போரினாலும் வீடிழந்து, திருட்டுக்குப் பழகிப்போன சிறுவர்களுக்கென 1920 இல் பொல்தாவாவுக்கு அருகே அமைக்கப்பட்ட கொலனியை அவர் 1928 வரை நடத்தினார். சிறுவர்களின் குற்றப் பதிவேடுகளை வாசிப்பதைக் காலப்போக்கில் அவர் கைவிட்டார். அவ்வனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு 1930களில் அவர் எழுதிய நாவலிலே, முன்னர் களவில் ஈடுபட்ட கரபானொவ் என்னும் இளைஞனிடம் கொலனிக்குரிய ஐந்நூறு ரூபிளையும் பின்னர் இரண்டாயிரம் ரூபிளையும் பெற்றுவரும் பொறுப்பு ஒப்படைக்கப்படுகின்றது. கொண்டுவந்த பணத்தை எண்ணிப் பார்க்குமாறு அவன் வேண்டுகின்றான். மக்கரென்கோ எண்ணாமலே மேசை லாச்சியில் இடுகின்றார். இதனை வெறும் மனநெகிழ்ச்சியாகக் கொள்ளுதல் தவறு. பிறர் கண்காணிப்புக்குரியவனாக இருந்தவனுக்குக் கூட்டு வாழ்வில் புதியதோர் இடம் வழங்கப்படுகின்றது. அவ்விடத்துக்குரிய கடமையும் அவனிடம் கண்டிப்பாகக் கோரப்படுகின்றது. அப்பாத்திரத்தின் மூலவரான செமியோன் கலபாலின் பிற்காலத்தில் இத்தகைய இல்லங்களைத் தாமே நடத்தும் கல்வியாளரானார்.

மக்கரென்கோவைப் போற்றுவோர் விரைந்து கடந்துசெல்லும் பகுதியொன்றும் அந்நாவலில் உண்டு. விறகு வெட்ட மறுத்த இளைஞனொருவனை அவர் கன்னத்தில் அறைகின்றார். கொலனியில் ஒழுங்கு பிறந்ததே அவ்வறையினால்தான் என்று 'அடியாத மாடு படியாது' என்போர் வாதிடக்கூடும். ஆயின், நாவலிலே அது தன்னடக்கம் இழந்த ஓர் ஆசிரியரின் கையறு நிலையாகவே வெளிப்படுகின்றது. கல்வி முறையொன்றாக அவர் அதனை முன்வைக்கவில்லை. கொலனியின் தண்டனை முறைகளை 1928 இல் குரூப்ஸ்கயா பகிரங்கமாகக் கண்டித்தமையும் மறைக்கத்தக்கதன்று.

நமது நாட்டிலே பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனையைத் தவிர்க்குமாறு கல்வி அமைச்சு 2005 இல் சுற்றுநிருபம் வெளியிட்டது. ஆசிரியரொருவர் அறைந்ததனால் மாணவன் ஒருவனின் செவி பாதிக்கப்பட்ட வழக்கில், அச்செயல் அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரையை மீறுவதாக 2021 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தடை அவசியமானதே. எனினும், நாற்பது பிள்ளைகளுடன் நாற்பது நிமிடப் பாடவேளையை நடத்தும் ஆசிரியரிடம் பிரம்பை மாத்திரம் வாங்கிக்கொண்டு வெறுங்கையுடன் விட்டுவிடுவது நியாயமாகாது.

கொலனியின் முழுநாள் வாழ்வு வகுப்பறைக்கு வாய்க்காது. அவதானிப்பு வாய்க்கும். குழப்படி எப்பாடத்தில், எவ்வேளையில், எதற்கு முன்னர் நிகழ்கின்றது என ஒரு கொப்பியில் இரண்டு வாரம் குறித்துவந்தாலே பல விடயங்கள் புலனாகும். வாசிக்கத் தெரியாத பிள்ளை, வாசிக்கும் முறை தன்னை நெருங்குகையில் அடுத்தவனைச் சீண்டுகின்றது, வெளியே அனுப்பப்படுகின்றது. நாம் தண்டனை எனக் கருதுவது அதற்கு விடுதலையாக அமைந்துவிடுகின்றது, மறுநாளும் சீண்டும். இங்கு தேவைப்படுவது, பிறர் கேளாதவாறு முன்கூட்டியே பயிற்றுவித்த நான்கு வரிகளை அப்பிள்ளை வகுப்பின் முன் வாசிக்கும் வாய்ப்பு. கடைசி வாங்கில் இருப்பவனுக்குக் கரும்பலகை தெரிகின்றதா, ஆசிரியரின் குரல் கேட்கின்றதா, அவன் காலையில் உண்டு வந்தானா என்பனவும் கேட்கப்படவேண்டியவை. சிலருக்கு மருத்துவரின் உதவியும் வேண்டியிருக்கும்.

பொறுப்பு வழங்குதல் என்றவுடன், குழப்படிகாரனையே மொனிற்றராக்கிப் பிரம்பையும் அவன் கையில் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அடியை வாங்கியவன் அடியைக் கொடுப்பவனாகின்றான், உறவு மாறுவதில்லை. மக்கரென்கோவின் தற்காலிக வேலைக்குழுக்களிலே தலைமை சுழற்சியாக வந்தது. ஒரு வாரம் கட்டளையிட்டவன் மறுவாரம் பிறிதொருவனுக்குக் கீழ்ப்பட்டு உழைத்தான். நூலகப் புத்தகங்களைப் பகிர்ந்தளித்தல், தோட்டத்துக்கு நீரிறைத்தல் முதலிய வேலைகளில் இச்சுழற்சியை எந்தப் பாடசாலையும் மேற்கொள்ளலாம்.

இவற்றை ஓராசிரியர் தனித்து நின்று சாதித்தல் அரிது. ஒருவர் சிரித்துக் கடந்துவிடும் செயலுக்கு அடுத்தவர் வெளியே அனுப்புவாராயின், பிள்ளை ஒவ்வொருவரையும் சோதித்துப் பார்க்கவே செய்யும். அதற்குக் கற்பிக்கும் ஆசிரியர் அனைவரும் தவணைத் தொடக்கத்தில் ஒன்றுகூடி, எதனைக் கண்டுகொள்ளாது விடுவது, எதனை எவரும் விட்டுக்கொடாதிருப்பது என முடிவுசெய்தல் வேண்டும். பெற்றோருக்கு அனுப்பும் முதற்செய்தி முறைப்பாடாக அமையாதிருப்பதும் அங்கேயே தீர்மானிக்கப்படலாம்.