புன்னக்காயல் சார்ந்த தொல்லச்சு நூல்களும் அடையாள எண்ணும்: பொருள்நோக்கு நிரலாக்கத் தொகுப்புகளில் பதிவுகளின் சேமிப்பும் மீட்பும்

முன்னுரை

தாமிரபரணி கடலொடு கலக்குமிடத்தில் அமைந்த புன்னக்காயல், தமிழ் அச்சு வரலாற்றில் தனியிடம் பெற்ற ஊராகும். போர்த்துக்கீசிய இயேசு சபைத் துறவியான அன்றிக் அடிகளார் முத்துக்குளித்துறையில் நெடுங்காலம் பணியாற்றி, 1600ஆம் ஆண்டு இவ்வூரில் மறைந்தார். அவர் தமிழாக்கிய தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்திலும், கிரீசித்தியானி வணக்கம் 1579இல் கொச்சியிலும் அச்சேறின. 1586இல் வெளிவந்த அடியார் வரலாறு புன்னக்காயலில் அச்சிடப்பட்டதென்பர்; அச்சிட்ட இடம் குறித்துக் கருத்து வேறுபாடும் உண்டு. இந்நூல்களைக் கணினி அட்டவணையில் பதியும்போது, ஒரு பதிவை எதைக் கொண்டு அடையாளப்படுத்துவது என்னும் வினா எழுகிறது. பொருள்நோக்கு நிரலாக்கத்தின் தொகுப்புகள் இவ்வினாவுக்குத் தரும் விடையை இக்கட்டுரை விளக்குகிறது.

பட்டியலும் திறவுகோல் தொகுப்பும்

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் 'நூல்' என்பதை ஒரு வகுப்பாகவும், தம்பிரான் வணக்கத்தை அவ்வகுப்பின் ஒரு பொருளாகவும் கொள்வர். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, இடம் ஆகியன அப்பொருளின் பண்புகள். இத்தகைய பொருள்களை வரிசைப் பட்டியலில் இட்டால், வேண்டியதைக் கண்டறிய முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுச் செல்ல வேண்டும். பதிவுகள் பெருகப் பெருகத் தேடும் நேரமும் பெருகும்.

ஜாவா மொழியின் ஹேஷ்மேப், பைத்தான் மொழியின் டிக்சனரி ஆகியன வேறு முறையில் இயங்குகின்றன. ஒவ்வொரு பதிவும் ஒரு திறவுகோலுடன் இணைத்துச் சேமிக்கப்படுகிறது. திறவுகோலிலிருந்து ஹேஷ் என்னும் எண் கணக்கிடப்பட்டு, அவ்வெண் பதிவு இருக்க வேண்டிய அறையைச் சுட்டுகிறது. மீட்கும்போது அதே கணக்கு மீண்டும் செய்யப்படுவதால், நேரே அவ்வறைக்குச் செல்லலாம். இரு திறவுகோல்கள் ஒரே அறையைச் சுட்ட நேர்ந்தால், சமன்மைச் சோதனை அவற்றை வேறுபடுத்தும். ஆகவே இம்முறை முழுவதும் திறவுகோலின் உறுதியைச் சார்ந்தது.

தலைப்பைத் திறவுகோலாகக் கொள்வதன் இடர்கள்

முதலாவது இடர் மேலெழுதல். 1578, 1579 ஆகிய ஆண்டுகளின் நூல்கள் இரண்டும் 'டொக்ட்ரினா கிறிஸ்டம்' எனத் தொடங்கும் போர்த்துக்கீசியத் தலைப்பும் உடையன. அச்சுருக்கத் தலைப்பே திறவுகோலானால், ஹேஷ்மேப்பில் இரண்டாம் நூலைச் சேர்த்தவுடன் முதல் நூலின் பதிவு நீங்கிவிடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது.

இரண்டாவது இடர் எழுத்துக் குறியேற்றம். 'கொச்சி' என்னும் சொல்லின் முதலெழுத்தை ஒருங்குறியில் இருவகையாகச் சேமிக்கலாம்: ககரத்துடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒன்று, ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரு குறிகளைத் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஜாவாவின் சமன்மைச் சோதனைக்கோ வேறு. ஒருங்குறித் தரநிலையின் இயல்பாக்க முறையைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் கையாண்டால் இவ்விடர் நீங்கும்.

மூன்றாவது இடரை இயல்பாக்கம் தீர்க்காது. அக்கால அச்சில் மெய்யெழுத்துகள் புள்ளியின்றி அமைந்ததால், நூலில் உள்ளவாறே பெயர்த்தெழுதுவோர் 'தமபிரான வணககம' எனப் பதிவர். ஊர்ப்பெயரும் புன்னக்காயல், புன்னைக்காயல் என இருவகையாக வழங்குகிறது. இவை குறியேற்ற வேறுபாடுகள் அல்ல; எழுத்து வழக்கின் வேறுபாடுகள்.

மாறும் பண்புகள்

பண்புகள் காலத்தால் மாறுவதும் உண்டு. 1986இல் திருநெல்வேலி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது புன்னக்காயல் தூத்துக்குடி மாவட்டத்தைச் சார்ந்தது. ஊரையும் மாவட்டத்தையும் இணைத்து ஒரு திறவுகோற் பொருளை அமைத்து, சேமித்தபின் அதன் மாவட்டப் பெயரைத் திருத்தினால் நிகழ்வது கருதத்தக்கது. புதிய பெயரால் தேடினால் கணக்கு வேறு அறையைச் சுட்டும். பழைய பெயரால் தேடினால் அறை சரியாக அமையும். ஆனால் உள்ளிருக்கும் திறவுகோல் மாறிவிட்டமையால் சமன்மைச் சோதனை தவறும். பதிவு தொகுப்பினுள் இருந்தும் இருவழியாலும் எட்டாததாகிறது.

அடையாள எண்ணும் துணை அட்டவணையும்

எனவே பொருளற்ற, மாறாத, திரும்ப வழங்கப்படாத ஓர் எண்ணைத் திறவுகோலாகக் கொள்வதே தக்கது. தொல்லச்சு நூல்களுக்குப் பன்னாட்டுத் தர நூலெண் இல்லையாதலின், அட்டவணையே இவ்வெண்ணை வழங்க வேண்டும். ஆய்வாளர் எண்ணால் தேடுவதில்லை, பெயரால் தேடுகிறார். ஆதலால் பெயர் வடிவங்களைத் திறவுகோலாகவும் அடையாள எண்களின் கணத்தை மதிப்பாகவும் கொண்ட துணை அட்டவணை ஒன்று தேவை.

இவ்வமைப்பு தமிழ் மரபுக்குப் புதிதன்று. திவாகரம் முதலிய நிகண்டுகள் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுத்ததோடு, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தனித் தொகுதியாகவும் வைத்தன. துணை அட்டவணையிலும் பல வடிவங்கள் ஒரே எண்ணைச் சுட்டலாம். 'டொக்ட்ரினா கிறிஸ்டம்' என்னும் ஒரு வடிவம் இரண்டு எண்களைச் சுட்டலாம்.

முடிவுரை

ஹேஷ்மேப்பில் இல்லாத திறவுகோலைத் தேடினால் 'நல்' என்னும் வெறுமை விடையாகக் கிடைக்கும். திறவுகோல் இருந்து அதன் மதிப்பு வெறுமையாயினும் அதே விடைதான். எனவே திறவுகோல் உள்ளதா எனத் தனியே சோதித்தல் வேண்டும். அச்சோதனையும் 'இத்திறவுகோலால் கிடைக்கவில்லை' என்பதை மட்டுமே உறுதிசெய்யும். 'அந்நூல் இல்லை' என்பதற்கு அது சான்றாகாது. மிகச் சில படிகளே எஞ்சியுள்ள நூல்களின் வரலாற்றில் இவ்வேறுபாடு சிறிதன்று. அட்டவணையின் மௌனத்தை நூலின் இன்மையாகக் கொண்டு எழுதப்படும் ஒரு வரி, பின்வரும் ஆய்வுகளில் மேற்கோளாகி நிலைபெற்றுவிடக்கூடும். ஆதலின் திறவுகோலைத் தேர்ந்தெடுத்தல் நிரலாளரிடம் மட்டும் விடத்தக்க பணியன்று. பெயர் வழக்கும் எழுத்து வரலாறும் அறிந்த தமிழாய்வாளரும் பங்கேற்க வேண்டிய பதிப்புப் பணியாகும்.