மூன்று விரல் தடம்

மைசூருவில் ஹெப்பாள் தொழிற்பேட்டையை ஒட்டி ஓர் ஏரி இருக்கிறது. வீட்டுச் சாக்கடையும் ஆலைக் கழிவும் சேர்ந்து பல ஆண்டுகள் அதை நாறடித்தன. பிறகு இன்ஃபோசிஸ் அறக்கட்டளை செலவை ஏற்க, ஏரி சீரமைக்கப்பட்டது. கழிவுநீரைச் சுத்திகரிக்க நிலையம் வந்தது. கரையில் நடைபாதை வந்தது. ஓர் ஏரி இப்படி மீளும்போதெல்லாம், அது மைசூருவானாலும் மதுரையானாலும், கூடவே ஒரு பேச்சும் கிளம்பும்: பறவைகள் திரும்பி வந்துவிட்டன.

காதுக்கு இனிய செய்தி. மெய்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சீரமைப்புக்கு முன் அங்கே யாராவது எண்ணினார்களா? எண்ணியது எந்த மாதம்? ஜனவரியில் எண்ணினால் வடக்கிலிருந்து வலசை வந்த வாத்துகளும் கணக்கில் சேரும். ஜூனில் அவை இருக்காது. விடிகாலையில் எண்ணினார்களா, உச்சிப்பொழுதிலா? ஒருவர் நின்று எண்ணினாரா, ஆறு பேர் சுற்றிவந்தார்களா? இன்னொன்றும் உண்டு. எந்த ஏரியையும் ஆழமாகத் தோண்டிக் கரையைச் செங்குத்தாகக் கட்டினால் முக்குளிப்பானுக்கும் நீர்க்காகத்துக்கும் கொண்டாட்டம். கணுக்கால் நீரிலும் சேற்றிலும் நடந்து இரை தேடும் உள்ளான்களுக்கோ நிற்க இடமிருக்காது. மொத்தத் தலைக்கணக்கு கூடியிருக்கும். ஓர் இனமே ஊரைவிட்டுப் போயிருக்கும். ஒரே ஏரியில், ஒரே ஆண்டில் இரண்டும் நடக்கலாம்.

இந்தக் கேள்விகளைச் சலிக்காமல் கேட்பதையும், பதில் கிடைக்கும்வரை அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதையும் தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். செய்திகளில் அவர்களையும் 'பறவை ஆர்வலர்கள்' என்று எழுதி முடித்துவிடுகிறோம். ஆர்வம் இல்லாமல் இந்த வேலைக்கு யாரும் வருவதில்லை என்பது சரி. ஆனால் களச்சூழலியல் பயிற்சியும் முறைமையும் பொறுமையும் கேட்கிற முழுநேரப் பணி. அதற்கான சான்று இதே மைசூருவில் இருக்கிறது. 1996இல் இங்கே தொடங்கப்பட்ட நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு நிறுவனத்தின் அலுவலகம் நகரத்துக்குள்தான். அதன் ஆய்வாளர்களின் களங்களோ இமயத்தின் பனிச்சிறுத்தை நாட்டிலிருந்து அருணாசலக் காடு, வால்பாறை, லட்சத்தீவுப் பவளத்திட்டு வரை விரிந்து கிடக்கின்றன.

இவர்கள் கையில் இருக்கும் முதல் கருவி ஒரு குறிப்பேடும் பென்சிலும். பேனா மை மழையில் கரைந்துவிடும். பக்கத்தில் கோடு போட்ட கட்டங்கள்: நேரம், இனம், எத்தனை, எவ்வளவு தொலைவில், கண்ணால் கண்டதா காதால் கேட்டதா. மழைக்காட்டுக்குள் கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் 'கேட்டது' என்றுதான் விழும். குறித்த புள்ளியில் அசையாமல் நின்று, குறித்த நிமிடங்களுக்குள் கேட்டதையும் கண்டதையும் எழுதிவிட்டு அடுத்த புள்ளிக்கு நடக்க வேண்டும். அட்டை காலில் ஏறினாலும் அந்த நிமிடங்கள் முடியும்வரை குனியக்கூடாது.

ஒன்றுமே தென்படாவிட்டால்? பூஜ்யம் என்று எழுத வேண்டும். இந்த வேலையில் ஆகக் கடினமான எண் அதுதான் என்பேன். ஏனென்றால் பறவை அங்கே இல்லை என்பதும், இருந்தது, நமக்குத்தான் தென்படவில்லை என்பதும் வேறு வேறு. ஒரு முறை போகும்போது ஒரு பறவை கண்ணிலோ காதிலோ படும் வாய்ப்பு பாதிதான் என்று வைத்துக்கொள்வோம். ஒரே முறை போய் வந்தால், அது வாழும் இடங்களில் பாதியை 'இல்லை' என்று எழுதிவிடுவோம். மூன்று முறை போனால் தவறவிடும் வாய்ப்பு எட்டில் ஒன்று. ஐந்து முறை போனால் முப்பத்திரண்டில் ஒன்று. மறுபடியும் மறுபடியும் போவதற்குக் காரணம் இந்தக் கணக்கு. கவனமாகச் சேர்த்த பூஜ்யங்கள் இல்லாமல் எந்தப் பறவையும் குறைகிறது என்று நிரூபிக்க முடியாது.

இந்தக் கணக்கு ஒரு பறவையின் தலையெழுத்தையே மாற்றிய கதை ஆந்திரத்தின் கடப்பைப் பக்கம் நடந்தது. ஜெர்டன் கல்குருவி என்று ஒன்று. இரவில் மட்டும் நடமாடும். பகலில் புதருக்கடியில் மண்ணோடு மண்ணாக ஒடுங்கிவிடும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அறிவியலுக்கு அறிமுகமாகி, 1900க்குப் பின் யார் கண்ணிலும் படாததால் அழிந்துவிட்டது என்றே நம்பப்பட்டது. 1986 ஜனவரியில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பரத் பூஷண், உள்ளூர் மக்களின் உதவியால் அதை மறுபடி கண்டுபிடித்தார். டார்ச் ஒளியில் அதைப் பிடித்துத் தந்தவர் ஒரு கிராமத்து வேட்டைக்காரர். அந்தப் பறவை பிழைக்கவில்லை, இனம் பிழைத்திருந்தது. அது வாழ்ந்த புதர்க்காடு பின்னர் ஸ்ரீ லங்கமல்லேஸ்வரா சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. எங்கெல்லாம் இருக்கிறது, எந்த மாதிரிப் புதர் அதற்கு வேண்டும்? இரவில், முள்காட்டில், ஆள் வரும் ஓசைக்கே மறைந்துவிடும் பறவையிடம் இதை எப்படிக் கேட்பது? 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ப. ஜெகநாதனும் சக ஆய்வாளர்களும் கண்ட வழி எளிமையானது. புதர்களுக்கிடையே ஆங்காங்கே நீளமான பட்டைகளாக நிலத்தைச் சுத்தம் செய்து, சலித்த மண்ணைப் பரப்பிச் சமப்படுத்தினார்கள். இரவில் அதன்மேல் எது நடந்தாலும் காலையில் தடம் இருக்கும். காடை, கௌதாரி, ஆள்காட்டி, முயல், எலி எல்லாம் அதே மண்ணில்தான் நடக்கும். கல்குருவிக்குப் பின்விரல் கிடையாது. முன்னோக்கிய மூன்று விரல்கள் மட்டுமே. தடத்தை அளந்து, மற்றவற்றோடு ஒப்பிட்டு, ஐயமில்லாததை மட்டும் கணக்கில் சேர்த்து, மறுபடி மண்ணைச் சமப்படுத்திவிட்டு அடுத்த பட்டைக்குப் போக வேண்டும். பட்டைகளின் அருகே தானாகவே படமெடுக்கும் கேமராக்களும் வைக்கப்பட்டன. தடத்துக்கு உரியவர் யார் என்பதற்கு அவை சாட்சி. பதிவு செய்த குரலை அந்தி முடிந்ததும் ஒலிக்கவிட்டு, பதில் குரல் வருகிறதா என்று கேட்பதும் நடந்தது.

இதிலிருந்து தெரிய வந்தது என்னவென்றால், அந்தப் பறவைக்கு அடர்ந்த புதரும் ஆகாது, வெட்டவெளியும் ஆகாது. இடையிடையே வெறுந்தரை தெரிகிற, நடுத்தரமாகப் புதர் வளர்ந்த நிலமே வேண்டும். அப்படியானால் ஆடுமாடு மேய்வதையும் விறகு வெட்டுவதையும் கண்ணை மூடிக்கொண்டு பகையாக எண்ணுவதற்கில்லை. அளவு மீறினால் புதர் அழியும். அறவே நின்றுபோனால் புதர் மண்டிவிடும். வேலி போட்டு எல்லாரையும் வெளியேற்றுவதே பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு இந்த முடிவு கசக்கும். எனக்கு இது மிகவும் பிடித்த முடிவு. மேய்ச்சல்காரரையும் காட்டின் கணக்கில் சேர்த்துப் பார்க்க வைக்கிறது.

2005இல் தெலுங்கு கங்கை கால்வாய்ப் பணி பறவை வாழும் இடங்களுக்கு அருகில் புதர்க்காட்டை அழித்தபோது, சொல்ல ஆதாரம் கையில் இருந்தது: பறவை நடமாடுவது இந்த இடங்களில், தடம் கிடைத்தது இந்தப் புதர்களுக்கிடையே. கால்வாயின் வழி மாற்றப்பட்டது. மண்ணில் பதிந்த மூன்று விரல் தடத்துக்கு அவ்வளவு வலு வந்தது, அதை ஒவ்வொரு காலையும் ஒரே முறையில் பதிவு செய்ததால்தான்.

ஜெகநாதன் பின்னர் மைசூரு நிறுவனத்தில் சேர்ந்தார். பொதுமக்களையும் பறவை எண்ணும் பணிக்குள் கொண்டுவந்ததில் அவர் பங்கு பெரிது. பறவை பார்க்கிற எவரும் ஒரு கால் மணி நேரத்தில் கண்ட எல்லா இனங்களையும் ஈபேர்ட் என்ற இணையதளத்தில் முழுப் பட்டியலாக இட்டால், அதில் இடம்பெறாதவை 'தென்படவில்லை' என்ற தகவலாகிவிடுகின்றன. பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பும் இப்படித்தான். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தந்த சுமார் 3 கோடிப் பதிவுகளை வைத்து 2023இல் 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை வந்தது. 942 இனங்களை ஆராய்ந்ததில், நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய தரவு இருந்தவை 338. அவற்றில் 60 விழுக்காடு குறைந்திருக்கின்றன. மயிலும் குயிலும் பெருகுகின்றன. கர்நாடகத்தின் மாநிலப் பறவையான பனங்காடை, மின்கம்பியில் நாம் தினமும் பார்த்துப் பழகிய அந்த நீலச் சிறகன், குறைந்துவருகிறது. எங்கும் தென்படுகிற பறவை குறைவதைக் கண் மட்டும் வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

அருணாசலப் பிரதேசத்தின் பக்கே காட்டில் எண்ணுபவர்கள் வேறு மாதிரி. இருவாச்சிகளை 1990களிலிருந்து ஆராய்ந்துவரும் அபராஜிதா தத்தாவும் அவர் பணியாற்றும் அதே மைசூரு நிறுவனமும், வனத்துறையோடும் நிஷி பழங்குடிக் கிராமத்தாரோடும் சேர்ந்து 2011-12 வாக்கில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். நகரத்தில் இருப்பவர் ஒரு கூட்டைத் தத்தெடுத்துப் பணம் தருவார்; அந்தப் பணம் கூட்டைக் காக்கும் கிராமத்தாருக்கு மாதச் சம்பளமாகும். பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் வாசலைத் தன் எச்சத்தாலும் உணவுக் கழிவாலும் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் பிளவு மட்டும் மிஞ்சும். பல வாரங்களுக்கு வெளியே இருக்கும் ஆண்தான் உணவு கொண்டுவர வேண்டும். ஆணைச் சுட்டால் கூடே பட்டினியில் முடியும். எனவே கூட்டைக் காப்பது என்றால், அந்த மாதங்கள் முழுதும் மரத்தடிக்கு வந்து, ஆண் எப்போது வந்தது, என்ன பழம் கொண்டுவந்தது என்று எழுதுவதுதான். கேரளத்தின் வாழச்சாலில் காடர் பழங்குடியினரும் இப்படியே இருவாச்சிக் கூடுகளைக் கண்காணிக்கிறார்கள். பட்டம் பெற்றவர் எழுதினால் ஆய்வு, கிராமத்தார் எழுதினால் உதவி என்று பிரிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஏட்டில் விழும் எண் ஒன்றுதான்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் இளைஞர்களுக்கு வழி இருக்கிறது. மயிலாடுதுறை மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரியில் வனவுயிரியல் முதுகலை உண்டு. டேராடூனில் இந்திய வனவுயிர் நிறுவனம், பெங்களூருவில் தேசிய உயிரியல் அறிவியல் மையம், கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி மையம் என்று படிக்கவும் ஆராயவும் இடங்கள் இருக்கின்றன. பறவைகளை அடையாளம் காணத் தெரிவது தொடக்கம்தான். புள்ளியியலும் கணினி நிரலும் வரைபட மென்பொருளும் கற்க வேண்டும். பாதி நாட்கள் மேசையில்தான் கழியும். வனத்துறை அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் சம்பளம். பெரும்பாலான களப்பணிகள் ஓரிரு ஆண்டு நிதியில் ஓடுகின்றன. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். பத்தாண்டு எண்ணினால்தான் விடை தெரியும் கேள்விக்கு இரண்டாண்டு ஊதியம் தருவது, கிணற்றைப் பாதியில் விட்டுவிட்டுத் தண்ணீர் இல்லை என்பதைப் போன்றது. நிதி தருவோர் இதை மாற்றியாக வேண்டும்.

நீண்டகாலம் நின்றால் என்ன கிடைக்கும் என்பதை ஆனைமலையில் பார்க்கலாம். சுமார் 220 சதுர கிலோமீட்டர் வால்பாறைப் பீடபூமியில் தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவே மழைக்காடு துண்டு துண்டாக நிற்கிறது. மைசூரு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் திவ்யா முத்தப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் 2000களின் தொடக்கத்திலிருந்து, எஸ்டேட் நிறுவனங்களின் இசைவோடு, சிதைந்த துண்டுகளில் களைச்செடிகளை அகற்றி, நாற்றங்காலில் வளர்த்த உள்நாட்டு மரக்கன்றுகளை நட்டுவருகிறார்கள். நட்டது பிழைத்ததா என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. பறவைகள் என்ன சொல்கின்றன என்றும் பார்த்தார்கள். மீட்ட துண்டுகள், தானாக வளர விட்ட துண்டுகள், பழைய முழுக்காடு மூன்றிலும் எண்ணி, பிரியங்கா ஹரிஹரனும் சங்கர் ராமனும் 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, மீட்ட இடங்களில் மழைக்காட்டுப் பறவைகள் தானாக வளரவிட்ட இடங்களைவிட நன்றாகத் திரும்பியிருக்கின்றன. பழைய காட்டை இன்னும் எட்டவில்லை. மரங்களில் ஒலிப்பதிவுக் கருவிகளைக் கட்டி, காட்டின் ஓசையைக் கொண்டே மீட்சியை அளக்கும் ஆய்வுகளும் அங்கே நடந்திருக்கின்றன.

இருவாச்சி மீட்ட துண்டுகளில் பழம் தின்ன வரலாம். கூடு கட்ட இப்போதைக்கு முடியாது. அதற்குப் பொந்து குடையத் தெரியாது. கிளை ஒடிந்து உளுத்த பருத்த மரத்தில் தானாக உண்டான பொந்து வேண்டும். இருபது சொச்சம் ஆண்டுக் கன்று அந்தப் பருமனுக்கு வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும். நட்டவர்கள் அப்போது களத்தில் இருக்க மாட்டார்கள். எண்ணும் புள்ளி ஒவ்வொன்றையும் ஜிபிஎஸ் எண்ணோடு குறித்து, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம், எந்தப் பக்கம் திரும்பி நின்று கேட்பது என்பதுவரை எழுதிவைப்பது அதற்காகத்தான்: இனி வரப்போகும் ஒருவர் அதே இடத்தில், அதே நிமிடங்களுக்கு நின்று எண்ண வேண்டும்.